கியர் பாக்ஸ் மூடியும் வெள்ளை டேப்பும்

ஜூன் 4, புதன்

பள்ளி திறந்து மூன்று நாள் ஆகிறது. ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு கோடை விடுமுறையோடு போய்விட்டது. திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறைக்கு ஒரு மணி நேர ஓட்டம். பக்கத்து சீட்டில் ஏறும் கருப்பம்மாள் டீச்சர் மருமகள் புராணத்தை ஆரம்பித்தால் பள்ளி வாசலில்தான் முடிக்கிறார். பழைய கார்தான், ஆனால் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. இரண்டு பஸ் மாறி, பாதி நாள் நின்றுகொண்டே போன ஒன்பது வருஷத்தை அது மறக்கடித்துவிட்டது.

காலையில் காருக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் இரண்டு சொட்டு எண்ணெய். மெக்கானிக் இனிகோ முன்பே சொன்னதுதான். போன சனிக்கிழமை சர்வீஸ் முடித்து வண்டியை எடுக்க நான் மட்டும் போயிருந்தேன். "கியர் பாக்ஸ் ஆயில் மாத்திட்டேன் டீச்சர். கீழ இருக்க டிரெயின் பிளக்குக்கு வாசர் பழசாப் போச்சு, அந்த அளவு இப்ப கையில இல்ல. லேசாக் கசியும். திங்கக்கெழம வாங்க, அஞ்சு நிமிச வேலை. அதுவரைக்கும் யாரும் அதப் போட்டு இறுக்கிற வேணாம்" என்றார். டிரெயின் பிளக் என்பது எண்ணெய் வடிக்கும் ஓட்டையின் மூடி. பார்க்கத் தடித்த போல்ட் மாதிரி இருக்கும், வாசர் அதற்கு அடியில் உட்காரும் வளையம்.

திங்கட்கிழமை பள்ளி திறப்பு, போகவில்லை. நேற்றும் இன்றும் போக நேரமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கடைக்கு விதை வாங்க ஒட்டன்சத்திரம் போனார், வர சாயங்காலம் ஆகும் என்றார். அதைக் கேட்டதுமே எனக்குக் கை ஊறியது.

போன வருஷம் ஹாரனை நானே சரிசெய்யப் போய், விடியற்காலை ஐந்து மணிக்கு அது நிற்காமல் அலறித் தெருவே எழுந்து வந்தது. அன்றைக்கு இவர் சொன்னது: "ஓட்டுறதோட நிறுத்திக்க புவனா. இன்னொரு தடவ அதுல கைய வச்ச, காரை வித்துப்புடுவேன்." சொன்னால் செய்கிற மனிதர். அதனால்தான் ஆள் இல்லாத நாளாகப் பார்த்தேன்.

என்னிடம் சாமான் இருந்தது. அகரத்தில் அப்பா மலைச்சாமி போர்வெல் மோட்டார் மாட்டுகிறவர். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டு வேதம் ஒன்றுதான்: சொட்டு விழுகிறதா, மரையில் வெள்ளை டேப்பைச் சுற்று, இறுக்கு. இன்னும் விழுகிறதா, ஸ்பேனர் பிடியில் இரும்புப் பைப் துண்டைச் சொருகி இன்னும் இறுக்கு. தண்ணீர்க் குழாய்க்கு உள்ள நியாயம் எண்ணெய்க்கு இல்லாமலா போகும் என்று நினைத்தேன்.

வண்டியை மேடேற்றிக் கல் வைத்து, சாக்கை விரித்துப் படுத்து, மூடியைக் கழற்றினேன். எண்ணெய் பேசினில் பாதி, என் முழங்கை வரை மீதி. மரையில் எட்டுச் சுற்று டேப் சுற்றி மூடியை மாட்டினேன். எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, புனலும் குழாயும் வைத்து மேல் ஓட்டை வழியாக ஊற்றினேன். அப்புறம் அப்பாவின் பைப் துண்டைச் சொருகி இறுக்கினேன். இறுகியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். திடீரென்று கை லேசாகிவிட்டது — மூடி வெண்ணெயில் சுற்றுவது போலக் கால் சுற்று தானாகச் சுற்றியது.

அப்போதே எனக்குத் தெரியும். கைக்குத் தெரிந்துவிட்டது. நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து குளிக்கப் போனேன்.

ஜூன் 9, திங்கள்

அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. மலைச்சாமி மகளா கொக்கா.

ஜூன் 13, வெள்ளி

அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

ஜூன் 16, திங்கள்

கறை அட்டையைத் தாண்டித் தரைக்கு வந்துவிட்டது. இவர் குளித்துக்கொண்டிருந்தபோது அதன்மேல் ஒரு சட்டி மணலை அள்ளிப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நான் மணலில் மறைத்திருக்கிறேன். 

இன்று இனிகோவிடம் போயிருக்கலாம். ஷெட் திறந்துதான் இருந்தது, தாண்டித்தான் வந்தேன். போனால் அவர் கீழே படுத்துப் பார்ப்பார், டேப்பைப் பார்ப்பார். யார் செய்தது என்று கேட்பார். பிறகு அது இவர் காதுக்கு வரும். சனிக்கிழமை போய்க்கொள்ளலாம்.

ஜூன் 19, வியாழன்

சனிக்கிழமை வரை வண்டி தாங்கவில்லை.

சாயங்காலம் வரும்போது எரியோடுக்கு முன்னால் கியர் மாற்றுகையில் கரகரவென்று சத்தம். மூன்றாவது விழவில்லை. இரண்டாவதில் உருட்டினேன். கருப்பம்மாள் டீச்சர் மருமகளை நிறுத்திவிட்டு, "என்ன டீச்சர், அரிசி மில்லு மாதிரிக் கத்துது" என்றார். அடுத்த நிமிஷம் உள்ளே எதுவோ நொறுங்கி, வண்டி ரோட்டோரம் நின்றுவிட்டது. எந்தக் கியரும் விழவில்லை. நெடுக எண்ணெய் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே காய்ந்து, பல்லோடு பல் தேய்ந்து — நான் குனிந்து பார்க்கவே இல்லை. பார்க்காமலே தெரியும்.

இவருக்கு ஃபோன் செய்தேன். பதறிப்போய் வந்தார். "ஒனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றுதான் முதலில் கேட்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வண்டியைக் கட்டி இழுத்து நேராக இனிகோ ஷெட்டுக்குக் கொண்டுபோனோம்.

ஜூன் 20, வெள்ளி

இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நேற்று ஷெட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். இனிகோ காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். இவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, முழுசா இருபது நாள் ஆகல நீ சர்வீஸ் பண்ணி. ஆயில் மாத்துனவனுக்கு மூடிய ஒழுங்கா மாட்டத் தெரியாதா? வீட்டுப் பொம்பள தனியாப் போற வண்டிப்பா இது. நடு ரோட்டுல நின்னுச்சே, லாரி கீரி வந்திருந்தா?"

இனிகோ வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. 

"இல்ல சார், நான் அன்னைக்கே—" என்று ஆரம்பித்தார். மறுபடி என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னதை நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார், எனக்குத் தெரியும். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன். ஹேண்ட்பேக் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விடுங்க சார்" என்றார். "எங்கையில சர்வீஸ் ஆன வண்டி. நான் சரி பண்ணித் தாரேன்."

வீட்டுக்கு வந்து இவர் காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார், நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

ஜூன் 21, சனி

எங்கள் நகர் வாட்ஸ்அப் குரூப்பில் இவர் எழுதிவிட்டார். காரைக் கட்டி இழுக்கிற படத்தோடு. 'மெயின் ரோடு இனிகோ ஷெட்டில் வண்டி விடுகிறவர்கள் யோசித்து விடவும். கியர் பாக்ஸ் மூடியைச் சரியாக மாட்டாமல் அனுப்பியதால் என் மனைவி உயிர் தப்பியதே பெரிது.'

எண்பத்துநாலு பேர் இருக்கிற குரூப். கட்டை விரலாகக் குவிகிறது. 'எனக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது' என்று ஒருவர். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் அந்தச் சந்தேகத்தை?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் கடை வெண்டை விதை முளைக்கவில்லை என்று கன்னிவாடிப் பக்கம் யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க ஆள் வராமல் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சோறு இறங்கவில்லை. அந்த மனிதர்தான் இதை எழுதியிருக்கிறார், எனக்காக. என்மேல் உள்ள பிரியத்தில்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அம்மா சொல்லுவாள். பாவம் இங்கே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 25, புதன்

இரண்டு பஸ். நின்றுகொண்டே.

ஏழாம் வகுப்பில் கரும்பலகைக் காம்பஸ் உடைந்து கிடந்தது. வழக்கம்போல "செஞ்சது யாரு, எந்திரிச்சு நில்லுங்க" என்றேன். அனிஷா உடனே எழுந்தாள். "நாந்தான் டீச்சர். கைதவறி விழுந்துருச்சு." அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். எனக்கு எரிச்சல் பொங்கி, "சரி உக்காரு, அதுக்கு எதுக்கு நிக்கிற" என்று கத்திவிட்டேன். பிள்ளை முழித்தாள். நிற்கச் சொன்னதே நான்தானே.

ஜூன் 27, வெள்ளி

பக்கத்துத் தெரு பெரியகருப்பன் சார் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் பொறுப்பாளர். எட்டு வேன். ஏழு வருஷமாக எட்டும் இனிகோ ஷெட்டில்தான் பராமரிப்பு. இன்று அவர் இவரிடம் தெருவில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது: "நல்ல வேளை எழுதுனீங்க. சின்னப் புள்ளைக போற வண்டி, நம்ம ரிஸ்க் எடுக்க முடியுமா? இந்த வாரத்தோட வேற ஷெட்டுக்கு மாத்திட்டேன்."

இவர் நல்ல காரியம் செய்தவர் மாதிரித் தலையாட்டினார். நான் காயப்போட்ட துணியை இரண்டாம் தடவை உதறிக் காயப்போட்டேன்.

எட்டு வேன். என் வாய் ஒரு தடவை திறந்திருந்தால் போதும்.

ஜூன் 29, ஞாயிறு

அகரம் போனேன். அப்பா கிணற்றடியில் பழைய மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் கதை கேட்டார். சொன்னேன், இவர் சொல்கிற மாதிரியே.

"மூடி மரை போச்சாக்கும்? கியர் பாக்ஸு அலுமினியம்ல. அலுமினியத்துல போயி அம்புட்டு இறுக்கு இறுக்குவானா ஒருத்தன்? அவன ஷெட்ட மூடிட்டு மாடு மேய்க்கச் சொல்லு."

நான் சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை போல. அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எம் பைப்புத் துண்டு ஒங்கிட்டதான இருக்கு?"

"ஆமா."

"டேப்பு சுத்துனியா?"

தலையாட்டினேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் கிணற்றடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொன்னது, யாரும் இறுக்க வேண்டாம் என்றது, மணல், எட்டு வேன்.

அப்பா பிரித்த மோட்டாரை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "நான் செஞ்சேன்னு சொல்லிருவோம் ஆத்தா" என்றார். "அன்னைக்கு வந்தேன், சொட்டுச்சு, இறுக்குனேன், போச்சு. மாப்ள என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். உரக்கச் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் அப்பாவின் செருப்பு. பை நிறைய முருங்கைக்காய். எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

"அட விடுங்க மாமா, நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்று இவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இதுக்குப் போயி பஸ் ஏறி வருவாகளா? இருங்க, கறி எடுத்துட்டு வாரேன், சாப்பிட்டுத்தான் போகணும்."

மாமனாரைக் கோபிக்கக் கூடாது, மாமனார் செய்தால் தப்பு இல்லை. அதே மூடி, அதே டேப். இனிகோவுக்கு நாலு பேர் முன்னால் ஏச்சு, அப்பாவுக்குக் கறிக்குழம்பு. அப்பா என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. வாழ்க்கையில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. என்னால் இப்போது பார்த்தாயிற்று.

அப்பா போன பிறகு, "குரூப்ல எழுதிருங்க, இனிகோ மேல தப்பு இல்லைன்னு" என்றேன்.

"எழுதுனா யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. மாமா பேரு எதுக்குத் தெரு வாயில விழணும்? நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க. அந்த ஆளும் தப்பு இல்லாதவன்னா அன்னைக்கே பேசியிருக்க மாட்டானா?"

இனிகோ அன்றைக்குப் பேச ஆரம்பித்தார். பாதியில் என்னைப் பார்த்து நிறுத்தினார். அதை நான் சொல்லவில்லை. அப்பாவின் பொய் யாருக்கும் உதவவில்லை, எனக்கு மட்டும் ஒளிய இன்னொரு சுவர் கட்டிக் கொடுத்திருக்கிறது.

ஜூலை 5, சனி

ஷெட்டுக்குப் போனேன். தனியாக.

முன்னால் எப்போதும் இரண்டு மூன்று வேன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அங்கே இனிகோ நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மரியசெல்வி டிபன் கேரியரோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நான்தான் இறுக்குனேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர்."

எழுந்துபோய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். உள்ளே கறுத்துச் சுருண்ட வெள்ளை டேப், நடுவில் வெள்ளி மாதிரி அலுமினியத் துகள். "மூடியில இருந்து எடுத்தேன். மெக்கானிக் எவனும் இந்த டேப்பு சுத்த மாட்டான். இது மோட்டாரு மாட்டுறவுக வீட்டுப் பழக்கம். ஒங்க அப்பா வேலை எனக்குத் தெரியும்ல. டேப்பு சுத்துனா மரை வழுக்கும். எம்புட்டு இறுகியிருக்குன்னு கைக்குத் தெரியாது. அதான் போச்சு."

"அன்னைக்கே இதக் காட்டியிருக்கலாமே."

"காட்டியிருந்தா சார் அங்கயே வச்சு ஒங்களப் பேசியிருப்பாரு. நாலு ஆம்பளைக நிக்கிறாங்க. ஒரு டீச்சர அப்படி நிப்பாட்ட எனக்கு மனசு வரல." நிறுத்தினார். "வீட்டுல போயி நீங்களே சொல்லிருவீகன்னு நெனச்சேன். ரெண்டு நாள் பாத்தேன். குரூப்புல வந்துருச்சு. அப்பறமும் பாத்தேன். வேன் போச்சு. எங்க வீட்டுல ஒங்க வாசலுக்கே வாரேன்னு கெளம்புனா. பிடிச்சு உக்கார வச்சேன்."

உள்ளேயிருந்து மரியசெல்வியின் குரல்: "உக்கார வச்சது தப்பு."

"ஆமா, தப்புத்தான்" என்று இனிகோ அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு வர வேண்டிய கோபம்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தீப்பெட்டியை மூடினார்.

"மன்னிப்ப எங்கிட்டக் கேட்டு என்ன டீச்சர் செய்ய? எங்க எழுதுனாகளோ அங்க எழுதுங்க."

ஜூலை 6, ஞாயிறு

முதலில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, அதுவும் ஒரு சாக்கு என்று தெரிந்ததும் பாதிச் சாப்பாட்டில் சொன்னேன்.

"மாமா சொன்னாரே?"

"அப்பா பொய் சொன்னாரு. எனக்காக. இனிகோ அன்னைக்கே வாசர் மாத்த வரச் சொன்னாரு, யாரும் இறுக்க வேணாம்னும் சொன்னாரு. நான்தான் போகல. நீங்க ஒட்டன்சத்திரம் போன அன்னைக்கு நானே இறுக்குனேன்."

காரை விற்றுவிடுவேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அந்தாள அத்தன பேரு முன்னால நான் பேசுறேன். நீ பக்கத்துலயே நின்ன."

"ஆமா."

"நின்னியே" என்றார். அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு போனார். போகும்போது, "குரூப்ல போடாத, நானே போயிப் பேசிக்கிறேன்" என்றார்.

போட்டேன். ஏழு தடவை எழுதி அழித்தேன். முதல் ஆறிலும் 'தெரியாமல்' என்ற வார்த்தை இருந்தது. ஏழாவதில் அதை எடுத்துவிட்டேன்.

'ஜூன் 21 அன்று இந்தக் குரூப்பில் இனிகோ அவர்களின் ஷெட் பற்றி வந்தது உண்மையல்ல. மூடியின் வாசரை மாற்ற அவர் என்னை வரச் சொன்னார், நான் போகவில்லை. யாரும் இறுக்க வேண்டாம் என்றார், நானே டேப் சுற்றி இறுக்கி மரையைக் கெடுத்தேன். கசிவு தெரிந்தும் ஓட்டினேன். என் கணவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் முன்னாலேயே நான் உண்மையைச் சொல்லாமல் நின்றேன். தவறு முழுவதும் என்னுடையது. — புவனேஸ்வரி.'

எண்பத்துநாலு பேர். ஒரு கட்டை விரல் இல்லை. இருபது நிமிஷம் கழித்து யாரோ ரோஜாப்பூப் படத்தோடு 'இனிய மாலை வணக்கம்' அனுப்பினார்கள்.

ஜூலை 9, புதன்

இவர் பேசுவதில்லை. "சாப்பாடு", "தண்ணி", "கதவு". கடைக்கு வந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்களாம். அதுவும் கருப்பம்மாள் டீச்சர் சொல்லித்தான் தெரியும். தானே வந்து, "நான் மருமகளப் பத்திச் சொல்றதும் பாதி இப்படித்தான் டீச்சர்" என்றார். சிரித்துவிட்டேன். இந்த மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 12, சனி

பெரியகருப்பன் சார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். "பாத்தேம்மா நீங்க எழுதுனத. எழுதுறதுக்கு ஒரு மனசு வேணும்" என்றார். "ஆனா புது ஷெட்டுக்காரங்ககிட்ட ஒரு வருசத்துக்குப் பேசிட்டோம். நிர்வாகம் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்துன்னா எம் பேரு கெட்டுரும்."

அவர் பேர் கெடக் கூடாதுதான். அடுத்த வருஷம் ஜூனில் யோசியுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நல்ல வேளை ஆத்தா. எனக்கு அன்னைக்குத் தின்ன கறி இன்னும் செமிக்கல" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கிளறி, ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நொறுங்கிய கியர்களுக்கு என் செலவில் வாங்கிய சாமான் வரத் தாமதமாகி இன்றைக்குத்தான் கார் தயார். மரியசெல்வி டப்பாவை வாங்கிக்கொண்டார். "வாங்க" என்று சொல்லவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார்.

கெட்ட ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருள் வைத்து இனிகோ புது மரை போட்டிருந்தார். புது மூடி, புது வாசர். மூடி கையால் திருகின அளவில் நின்றது.

"நீங்களே இறுக்குங்க டீச்சர்" என்றார்.

"வேணாம்."

"இறுக்குங்க. இல்லாட்டி இன்னொரு நா வீட்டுல யாரும் இல்லாதப்ப இறுக்குவீக."

சாக்கில் படுத்தேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சின்ன ஸ்பேனர், பைப் கிடையாது. ஒரு இழுப்பு. வாசர் அழுந்துவது கைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்று கை தானாகப் போயிற்று.

"போதும்" என்றார்.

நிறுத்தினேன். வெளியே வந்ததும் அந்தத் தீப்பெட்டியைக் கேட்டேன். "அது இங்கயே இருக்கட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் காருக்கு அடியிலிருந்து அட்டையை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, நேற்று அட்டை போட நான் மறந்திருந்தேன். விதைப் பெட்டி அட்டை அது, இவர் கடையில் உள்ளது.

உள்ளே வந்து காபி கொடுத்தேன். "சொட்டுதா?" என்று கேட்டார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். இல்லை என்றேன். "சாயங்காலம் எம் பைக்க இனிகோகிட்ட விடணும். பிரேக்கு சரியில்ல" என்றார். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது.

2026 ஜூன் 8, திங்கள்

பழைய நோட்டு. வேறு எதையோ தேடும்போது கிடைத்தது, கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

இன்று காலை பள்ளிக்குப் போகும்போது இனிகோ ஷெட் முன்னால் வேன் நின்றது. வேகத்தைக் குறைத்து எண்ணினேன். மூன்று. எட்டில் மூன்று. ஒன்றின் அடியிலிருந்து அவருடைய இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

கருப்பம்மாள் டீச்சர், "ஏன் டீச்சர் மெதுவா உருட்டுறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி இரண்டாவது கியர் போட்டேன். எரியோடு தாண்டுகிற வரைக்கும் மீதி ஐந்தைத்தான் நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.